மான் வேட்டைக்கு ஷாட்கன்: முதலில் பேரல், அப்புறம்தான் ஸ்லக்

மான் சீசனுக்கு ஸ்லக் (ஷாட்கனில் போடுகிற ஒற்றைப் பெரிய குண்டு) வேண்டும் என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் "உங்க பேரல் என்ன?" என்று, அதாவது துப்பாக்கியின் குழல் எந்த வகை என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார். நான் முதன்முதலில் போன கடையில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இருந்ததிலேயே விலை கூடிய பெட்டியைக் காட்டினார்கள், விலை கூடினால் குறியும் கூடும் என்று நம்பி நானும் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் ரேஞ்சில் ஐம்பது கெஜத்தில் தாளை மாட்டிச் சுட்டுப் பார்த்தால் ஐந்தில் மூன்றுதான் தாளிலேயே பட்டிருந்தது. அதிலும் இரண்டு ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் மாதிரி நீளமாக இருந்தன, அதாவது குண்டு மூக்கை நீட்டிக்கொண்டு வராமல் குறுக்கே புரண்டு புரண்டு வந்திருக்கிறது. துப்பாக்கியைத் திட்டினேன், தோட்டாவைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் இரண்டும் நல்லவைதான், ஜாதகம் பார்க்காமல் கட்டிவைத்ததுதான் தப்பு.

அந்தப் பொருத்தத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் இருந்துகொண்டு, வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, லைசன்ஸ் எடுத்து, முதல் சீசனுக்குத் தயாராகிற ஆளை மனதில் வைத்து எழுதுகிறேன். இந்தியச் சட்டம் வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம்.

மானுக்கு ரைஃபிள்தானே சரி, எதற்கு ஷாட்கன் என்பது நியாயமான கேள்வி. பதில் நிலத்திலும் சட்டத்திலும் இருக்கிறது. ஒஹையோ, இந்தியானா, இல்லினாய், அயோவா பக்கமெல்லாம் பெரும்பகுதி சோளமும் சோயாவுமாகத் தட்டையாகக் கிடக்கிற நிலம், நடுநடுவே பண்ணை வீடு, ரோடு, அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். குறி தப்பிய குண்டைத் தாங்க ஒரு மேடுகூட இருக்காது. ரைஃபிள் குண்டு மைல் கணக்கில் போகும், ஷாட்கன் ஸ்லக் பருமனும் மழுங்கலுமாக இருப்பதால் காற்றோடு மல்லுக்கட்டிச் சீக்கிரம் வேகம் இழந்துவிடும் என்ற கணக்கில், இப்படிப்பட்ட இடங்களில் பல பத்தாண்டுகளாக மானுக்கு ஷாட்கன் அல்லது குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கிட்டிக்கிற மசில்லோடர் மட்டும்தான் என்று வைத்திருந்தார்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து வருகிறது. ஒஹையோவில் 2014இலும் அயோவாவில் 2017இலும் நேர்ச்சுவர் தோட்டா (கழுத்து ஒடுங்காமல் ஒரே பருமனாக இருப்பது) போடும் ரைஃபிள்களை அனுமதித்தார்கள். இல்லினாய் 2023இல் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களில் சிலவற்றுக்கு மட்டும் கதவைத் திறந்தது. மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி மாதிரி இடங்களில் மானுக்கு ரைஃபிள் இன்னும் கிடையாது. விதி மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அதனால் போன வருஷம் நண்பர் சொன்னதை நம்பாமல், இந்த வருஷத்து விதிப்புத்தகத்தை மாநில வனவிலங்குத் துறையின் தளத்திலிருந்து இறக்கிப் படித்துவிடுங்கள்.

ஸ்லக் சீக்கிரம் விழுந்துவிடும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சுடலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைப் பற்றி பென்சில்வேனியாவுக்காக 2007இல் ஓர் ஆய்வே செய்தார்கள். துப்பாக்கியை மேல்நோக்கித் தூக்கிச் சுட்டால் ரைஃபிள் குண்டுதான் வெகுதூரம் போகிறது. ஆனால் தரைக்கு இணையாகச் சுடும்போது, தரையில் பட்டுத் தெறித்துப் போகிற தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஸ்லக் ரைஃபிள் குண்டைவிட ஆபத்து குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. கனமான ஈயக் கட்டி, தெறித்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத வரைக்கும் விரல் விசையைத் தொடக் கூடாது, கையில் எந்தத் துப்பாக்கி இருந்தாலும் சரி.

இப்போது கேஜ், அதாவது குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் கச்சிதமாக நுழையுமோ அது 12 கேஜ். இருபதாக உருட்டினால் உருண்டை சிறிதாகும், அது நுழைகிற குழல் 20 கேஜ். எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும், பழகும் வரைக்கும் தலைகீழாகத்தான் தெரியும். 12 கேஜின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 15.6. நானூற்றுப் பத்து என்று ஒன்று சொல்வார்கள், அது மட்டும் இந்தக் கணக்கில் சேராது, நேராக அங்குலத்தில் சொல்லும் அளவு (0.410 அங்குலம்). மானுக்கு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் 12 கேஜ்தான் ஆம்பிளைத் துப்பாக்கி என்கிற மாதிரி பேச்சைக் கேட்டு அதையே வாங்குகிறார்கள். 12 கேஜில் மூன்று அங்குல நீள ஸ்லக் தோட்டாவைப் போட்டு மேஜையில் உட்கார்ந்து பத்து தடவை சுட்டுப் பாருங்கள், தோள் கன்றிப்போய் பதினோராவது தடவை வெடிப்பதற்கு முன்பே உடம்பு தானாகச் சுருங்கும், கண் மூடும், விசையை வெடுக்கென்று இழுப்பீர்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம். இன்றைக்குக் கிடைக்கிற 20 கேஜ் ஸ்லக்குகள் வெண்வால் மானுக்குத் தாராளமாகப் போதும், உதையும் குறைவு. கையில் ஏற்கெனவே 12 கேஜ் இருந்தால் பரவாயில்லை, இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவோடு நில்லுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு 20க்கு.

சரி, பேரலுக்கு வருவோம். ஷாட்கன் ரவைக்காக, அதாவது சின்னச் சின்னக் குண்டுமணிகளுக்காகப் பிறந்த துப்பாக்கி. வாத்து, முயல் என்று ஓடுவதையும் பறப்பதையும் ஒரு கை ரவையை விசிறி அடிப்பதற்கு அதன் குழல் உள்ளே வழவழவென்று இருந்தால் போதும். இதைத்தான் ஸ்மூத்போர் என்கிறார்கள். அப்படிப்பட்ட குழலில் ரவைக்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய ஈயக் கட்டியைப் போட்டுச் சுடுவதுதான் ஸ்லக். பழைய காலத்தில் வெறும் ஈய உருண்டையைப் போட்டார்கள், அமெரிக்க வேட்டைக்காரர்கள் அதற்குப் பூசணிப் பந்து என்று பெயரே வைத்திருந்தார்கள். குழல் முனையின் ஒடுக்கத்தில் சிக்கக் கூடாது என்று உருண்டையைக் கொஞ்சம் சிறிதாகவே வார்ப்பார்கள், அது குழலுக்குள் இடமும் வலமும் இடித்துக்கொண்டு போய்க் கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கிளம்பும். குறி எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரைஃபிளில் குண்டை நேராக வைத்திருப்பது சுழற்சி. பம்பரம் சுழல்கிற வரைக்கும் ஒற்றை ஆணியில் நிற்கிறது, சுழற்சி நின்றதும் தள்ளாடிச் சாய்கிறது, அதே கதைதான். ரைஃபிள் குழலின் உள்சுவரில் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள், குண்டு அதைக் கவ்விக்கொண்டு சுழன்றபடியே வெளியே வரும். ஸ்மூத்போரில் கவ்விக்கொள்ள எதுவும் இல்லை. சுழற்சி இல்லாமல் ஒரு கட்டியை மூக்கு முன்னால் இருக்கும்படி எப்படிப் பறக்கவைப்பது?

இதற்கு விடை சொன்னவர்கள் இரண்டு பேர். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரெனெகே 1898இல் ஒரு கெட்டியான ஈயக் கட்டி செய்து அதன் பின்பக்கம் லேசான அடைப்பு ஒன்றை வால் மாதிரி இணைத்தார், சுட்ட பிறகும் அந்த வால் கழறாமல் கூடவே பறக்கும். அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் 1931இல் வேறு வழி பிடித்தார். தையல்காரர் விரலில் மாட்டும் விரற்சிமிழ் மாதிரி முன்பக்கம் தடித்து, பின்பக்கம் குடைந்து வெற்றாக இருக்கும் ஸ்லக். இரண்டுக்கும் உள்ளே இருக்கிற யோசனை ஒன்றுதான். துண்டின் ஒரு முனையில் கல்லை முடிந்து வீசிப் பாருங்கள், எப்படி வீசினாலும் கல் முன்னால் போகும், துணி பின்னால் இழுபடும். எடை முன்னால் இருந்தால் சுழலாமலே நேராகப் போகும்.

ஃபாஸ்டர் ஸ்லக்கின் பக்கவாட்டில் சாய்வாக வரிவரியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்த வரிதான் ஸ்லக்கைச் சுழற்றுகிறது என்று பெரிய பெரிய அனுபவசாலிகளே சத்தியம் செய்வார்கள். பேருக்கு லேசாகச் சுழலலாம், நேராக வைத்திருக்கிற அளவுக்கெல்லாம் சுழற்றாது. அந்த வரிகளின் உண்மையான வேலை, குழல் முனையின் ஒடுக்கத்தில் நுழையும்போது ஈயம் நசுங்கிக் கொடுக்க இடம் விடுவது.

இந்த வரிகளால்தான் பெயரில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது, புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் இதில்தான் காலை விடுகிறார்கள். ஃபாஸ்டர் வகைத் தோட்டாப் பெட்டியில் "ரைஃபிள்டு ஸ்லக்" என்று அச்சடித்திருக்கும். உடனே, ஓகோ, இது ரைஃபிள்டு பேரலுக்கான ஸ்லக் என்று தோன்றும். நேர்மாறு. ரைஃபிள்டு ஸ்லக் போக வேண்டியது வழவழப்பான ஸ்மூத்போர் பேரலுக்கு. சுருள் பள்ளம் வெட்டிய ரைஃபிள்டு பேரலுக்குப் போக வேண்டியது சேபோ ஸ்லக். இரண்டில் ஒன்றில் வரி இருந்தால் போதும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: குழலில் வரி இருந்தால் வெளியே வரியில்லாத சேபோ, குழலில் வரி இல்லையென்றால் வரி போட்ட ஃபாஸ்டர்.

சேபோ என்றால் பிரெஞ்சில் மரச் செருப்பு. எழுத்தில் கடைசியில் ஒரு 'ட்' உண்டு, வாயில் வராது. குழலின் அகலத்தைவிடக் குறைந்த, கிட்டத்தட்டக் கைத்துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு கூர்மூக்குக் குண்டை எடுத்து, அதற்கு ஒரு பிளாஸ்டிக் செருப்பு மாட்டி விடுகிறார்கள். சுடும்போது குழலின் சுருள் பள்ளத்தைக் கவ்வுவது பிளாஸ்டிக்தான், அது சுழலும்போது உள்ளே இருக்கிற குண்டும் சேர்ந்து சுழலும், வாயைத் தாண்டியதும் காற்று மோதிச் செருப்பு கழன்று விழுந்துவிடும், குண்டு மட்டும் சுழன்றபடி குறிக்குப் போகும். ஒல்லியான குண்டு, அதனால் காற்றுத் தடை குறைவு, எடையும் குறைவு, அதனால் வேகம் அதிகம். சாதாரண ஒரு அவுன்ஸ் (28 கிராம்) ஃபாஸ்டர் வினாடிக்கு 1600 அடி அளவில் கிளம்பினால், சில சேபோக்கள் 1900, 2000 அடி வரைக்கும் போகும்.

இதையே ஸ்மூத்போரில் போட்டால்? கவ்விக்கொள்ளப் பள்ளம் இல்லை, சுழற்சி இல்லை. ஃபாஸ்டர் மாதிரி மூக்குக்கனமும் இல்லை. செருப்பு கழன்றதும் குண்டு தலைகுப்புற உருளும். என் தாளில் விழுந்த சாவித் துவாரங்களுக்குக் காரணம் இதுதான். பெட்டிக்கு ஐந்தே தோட்டா, ஃபாஸ்டரைவிட விலையும் நன்றாகவே கூட, அத்தனையும் வீண். பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது பெட்டியை இரண்டு வருஷம் கழித்து ரைஃபிள்டு பேரல் வாங்கிய பிறகு சுட்டேன், நூறு கெஜத்தில் மூன்று குண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. அதே தோட்டாதான்.

மாற்றிப் போட்டால், அதாவது ரைஃபிள்டு பேரலில் ஃபாஸ்டரைச் சுட்டால், துப்பாக்கிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் மெத்தென்ற ஈயம் பள்ளங்களில் இழுபட்டு அப்பிக்கொள்ளும், நாலைந்து சுட்டதுமே குறி சிதற ஆரம்பிக்கும். அப்புறம் வெண்கல பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்க்க வேண்டியதுதான். பிரெனெகே வகையில் சில, இரண்டு விதப் பேரலுக்கும் ஆகும் என்று போட்டே விற்கிறார்கள், பெட்டியைப் படித்துப் பாருங்கள்.

துப்பாக்கிக் குழலில் சுருள் வெட்டி ரவைக்கும் குண்டுக்கும் ஒன்றையே பயன்படுத்தலாம் என்ற யோசனை ஒன்றும் புதிதில்லை. இந்தியாவில் பிரிட்டிஷ் படையில் இருந்த ஜார்ஜ் ஃபாஸ்பரி என்பவர் 1885இல் குழல் முனையின் கடைசிச் சில அங்குலத்தில் மட்டும் சுருள் வெட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் அதை பாரடாக்ஸ் என்ற பெயரில் செய்து விற்றது. இப்போது கடையில் கிடைக்கிற ரைஃபிள்டு சோக் குழாய் (குழல் முனையில் திருகுகிற, சுருள் வெட்டிய சின்னக் குழாய்) அதன் பேரப்பிள்ளை. உங்கள் ஸ்மூத்போர் பேரலின் முனையில் சோக் குழாய் திருகுகிற வசதி இருந்தால், அதில் இதைத் திருகிச் சேபோ சுடலாம். இரண்டு, மூன்று அங்குலத்துக்குள் குண்டு திடீரென்று சுழற்சியைப் பிடிக்க வேண்டும் என்பதால் முழுப் பேரல் அளவுக்கு நம்ப முடியாது, சில துப்பாக்கிகளில் அருமையாக வேலை செய்யும், சிலவற்றில் போட்ட காசு போனதுதான். முழு நீளமும் சுருள் வெட்டிய ஷாட்கன் பேரல்கள் பரவலானது 1980களுக்குப் பிறகுதான்.

சோக் என்று சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். குழல் முனையில் இருக்கிற லேசான ஒடுக்கம்தான் சோக், ரவை சீக்கிரம் சிதறாமல் கட்டிப் பிடிக்க. ஒடுக்கமே இல்லாதது சிலிண்டர், கொஞ்சம் ஒடுக்கினால் இம்ப்ரூவ்டு சிலிண்டர், அப்புறம் மாடிஃபைடு, நல்ல ஒடுக்கம் ஃபுல். ஃபாஸ்டருக்குப் பெரும்பாலும் சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர்தான் ஒத்துப்போகும். ஃபுல் சோக்கில் சுட்டால் நசுங்கி வெளியே வந்துவிடும், ஆனால் குறி பெரும்பாலும் கெடும். வான்கோழி வேட்டைக்கென்று விற்கிற அதி ஒடுக்கச் சோக்கில் ஸ்லக் எதையுமே போடாதீர்கள்.

சரி, உங்களுக்கு எந்தப் பேரல்? நீங்கள் எவ்வளவு தூரத்தில் மானைப் பார்ப்பீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அடர்ந்த மரக்காட்டில் மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருகிற ஆள் என்றால் அறுபது, எழுபது கெஜத்துக்கு மேல் உங்களுக்குக் கண்ணே தெரியாது. அதற்கு ஸ்மூத்போர், இம்ப்ரூவ்டு சிலிண்டர், மலிவான ஃபாஸ்டர், அதோடு நல்ல குறிமுள் இருந்தால் போதும், வேறு செலவே வேண்டாம். இதாகா கம்பெனி 1959இல் டியர்ஸ்லேயர் என்று ஒன்று கொண்டுவந்தது, குழலைச் சற்று இறுக்கமாகச் செய்து ரைஃபிள் மாதிரி முன்னும் பின்னும் குறிமுள் வைத்த ஸ்மூத்போர், அதை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை முழுக்க மான் அடித்தது. அறுவடை முடிந்த சோளக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து நூறு, நூற்றைம்பது கெஜத்தில் சுட வேண்டியிருந்தால் ரைஃபிள்டு பேரலும் சேபோவும் இல்லாமல் முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், இதற்காக இன்னொரு துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 மாதிரி பம்ப் துப்பாக்கிகளில் (முன்கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) பேரலுக்கு அடியில் தோட்டா நிற்கிற மேகசின் குழாயின் முனையில் இருக்கிற மூடியையோ திருகாணியையோ கழற்றினால் பேரல் கையோடு வந்துவிடும், வேறு பேரலை மாட்டித் திரும்பத் திருகினால் முடிந்தது. இரண்டு பேரலோடு சேர்த்தே விற்கிற காம்போக்கள் உண்டு, பறவைக்கு 28 அங்குல ஸ்மூத்போர் ஒன்று, மானுக்கு 24 அங்குல ரைஃபிள்டு ஒன்று. ரைஃபிள்டு பேரலில் ரவையைப் போட்டு வாத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள், சுழற்சியில் ரவை வெளிப்பக்கமாகச் சிதறி நடுவில் வடை மாதிரி ஓட்டை விழும். பேரலை நீளமாக வாங்கினால் தூரம் கூடும் என்று நினைக்க வேண்டாம், 20 முதல் 24 அங்குலம் ஸ்லக்குக்குப் போதும், புதரிலும் பரணிலும் குட்டையானதுதான் வசதி. ஆனால் இருக்கிற பேரலை நீங்களே அறுத்துக் குட்டையாக்குகிற யோசனை வேண்டாம், 18 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934இல் வந்த கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கழற்றி மாட்டுகிற பேரலில் ஒரு சின்னக் குறை உண்டு. பேரல் துப்பாக்கி உடம்போடு இறுகி ஒட்டியிருக்காது, மயிரிழை ஆட்டம் இருக்கும். பைனாகுலர் மாதிரி இருக்கிற ஸ்கோப்பை உடம்பில் பூட்டினால் ஸ்கோப் ஒரு திசை, பேரல் ஒரு திசை என்று ஆகிவிடும், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் குறி நகரும். அதனால்தான் மான் பேரல்களில் கேன்டிலீவர் என்று ஒரு கை பேரலிலிருந்தே பின்பக்கம் நீண்டு வரும், ஸ்கோப் அதன் மேல் உட்காரும். பேரல் எப்படி ஆடினாலும் ஸ்கோப்பும் கூடவே ஆடும். புதிதாக ரைஃபிள்டு பேரல் வாங்கினால் கேன்டிலீவர் உள்ளதாகவே வாங்குங்கள், கூடுதல் செலவுக்கு மதிப்பு உண்டு. இந்த ஆட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்லக்குக்கென்றே செய்த போல்ட் துப்பாக்கிகள் (ரைஃபிள் மாதிரி கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) இருக்கின்றன. சாவேஜ் 220 என்று ஒரு 20 கேஜ், 24 அங்குலத்தில் ஒரு சுற்று சுழற்றுகிற இறுக்கமான சுருள், ஆள்கள் அதை ரைஃபிள் என்றே நினைத்துப் பேசுவார்கள். 12 கேஜ் பேரல்களில் 35 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கை அதிகம் பார்க்கலாம்.

ஸ்கோப் வாங்கும்போது பெருக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள், இரண்டு முதல் ஏழு மடங்கு வரைக்கும் தாராளம். அதைவிட முக்கியம் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. குறைவாக விட்டால் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். பிறை மாதிரி தழும்போடு திரிகிற ஆட்களை ரேஞ்சில் பார்க்கலாம், என்னவென்று கேட்க வேண்டாம், அவர்களே வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார்கள்.

இப்போது குறி சரிபார்ப்பது. எந்தப் பேரலுக்கு எந்தத் தோட்டா பிடிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒரே மாடலில் அடுத்தடுத்து செய்த இரண்டு துப்பாக்கிகளுக்கே ருசி வேறாக இருக்கும். அதனால் மூன்று, நாலு கம்பெனியின் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். மணல் பையில் துப்பாக்கியைச் சாய்த்து, தோளுக்கும் துப்பாக்கியின் அடிக்கட்டைக்கும் நடுவே ஒரு தடித்த துணியை வைத்துக்கொண்டு, முதலில் 25 கெஜத்தில் தாளைப் பிடியுங்கள், அப்புறம் 50க்குப் போங்கள். ஒவ்வொரு வகையிலும் மும்மூன்று சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று மட்டும் பாருங்கள், நடுவில் விழுகிறதா என்பது அப்புறம் திருப்பிச் சரி செய்துகொள்ளும் விஷயம். நடுநடுவே பேரல் ஆறட்டும், தோளும் ஆறட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காட்டுக்குப் போகும்போது போடுகிற தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள், கட்டை தோளில் உட்காருகிற இடமே மாறிவிடும்.

ஃபாஸ்டரை ஐம்பது கெஜத்துக்குச் சரிசெய்தால் நூறு கெஜத்தில் அது ஐந்தாறு அங்குலம் கீழே இறங்கியிருக்கும். வேகமான சேபோவை நூற்றைம்பதுக்குச் சரிசெய்தால் நூறில் இரண்டு, மூன்று அங்குலம் மேலே போகும். இதெல்லாம் பெட்டியின் பின்பக்கம் அட்டவணையாகப் போட்டிருப்பார்கள், ஆனால் உங்கள் பேரலில் உங்கள் கண்ணால் பார்க்காத வரைக்கும் அந்த அட்டவணை வெறும் விளம்பரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். ஒரு சின்ன காகிதத் தட்டு அளவு. மேஜையை விட்டு எழுந்து, காட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, மணல் பை இல்லாமல் தட்டைச் சுடுங்கள். எந்தத் தூரம் வரைக்கும் ஒன்றுகூடத் தப்பாமல் தட்டில் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். பெட்டியில் இருநூறு கெஜம் என்று போட்டிருக்கலாம், உங்கள் தூரம் எண்பது என்றால் எண்பதுதான், எண்பத்தைந்தில் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் விட்டுவிடுங்கள். காலிலும் வயிற்றிலும் பட்ட மான் இரவெல்லாம் ஓடிச் செத்துக் கிடக்கும், அதைத் தேடிப் போகிற காலையைவிட மோசமான காலை வேட்டைக்காரனுக்கு இல்லை. ஃபாஸ்டர் மெத்தென்ற ஈயம், பட்டதும் காளான் மாதிரி விரியும். பிரெனெகே கெட்டி, அவ்வளவாக விரியாமல் ஆழமாக ஊடுருவும். இரண்டுமே, மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால் விழுந்தால், வேலையை ஒழுங்காக முடிக்கும்.

ரவையிலேயே பெரிய ரவையாகப் பக்‌ஷாட் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். கிட்டத்தில் மட்டும்தான், சில மாநிலங்களில் மானுக்கு அனுமதியே இல்லை. புதியவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஈயம் வேண்டாம் என்றால் செம்பு சேபோக்கள் கிடைக்கின்றன. கலிபோர்னியாவில் அது விருப்பம் இல்லை, 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயத் தோட்டாவே கூடாது.

இரண்டு எச்சரிக்கை சொல்லாமல் விட முடியாது. பேரலின் பக்கத்தில் கேஜும், தோட்டா உட்காருகிற அறையின் நீளமும் பொறித்திருக்கும். இரண்டே முக்கால் அங்குலம் என்று போட்டிருந்தால் மூன்று அங்குலத் தோட்டாவைப் போடக் கூடாது. "உள்ளே போகுதே" என்பார்கள். போகும், ஏனென்றால் தோட்டாவின் நீளத்தைச் சொல்வது வெடித்து வாய் விரிந்த பிறகு இருக்கும் அளவை வைத்து. மடிந்திருக்கும்போது குட்டையாகத்தான் இருக்கும், வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

இன்னொன்று இதைவிட மோசம். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய், அறையைத் தாண்டிக் கண்ணில் படாத இடத்தில் சிக்கி நிற்கும். விசையை இழுத்தால் டிக் என்று சத்தம் மட்டும் வரும், தோட்டா போடவில்லை போல என்று நினைத்துப் பின்னாலேயே ஒரு 12 கேஜை ஏற்றிச் சுட்டால், பேரல் உங்கள் இடது கைக்குப் பக்கத்தில் வெடித்துக் கிழியும். இதற்காகத்தான் 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால் ஜாக்கெட்டைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பையில் இரண்டையும் போடவே போடாதீர்கள்.

உங்கள் பேரலுக்குப் பிடித்த தோட்டாவைக் கண்டுபிடித்தாயிற்றா, பெட்டியின் மடிப்பில் அச்சடித்திருக்கிற லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண்) குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னும் நாலைந்து பெட்டி அப்போதே வாங்கிவிடுங்கள், லாட் மாறினால் குறி விழும் இடமும் கொஞ்சம் மாறலாம். இதையெல்லாம் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே செய்யுங்கள். நவம்பரில் சீசன் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை கடைக்குப் போனால், ஸ்லக் அடுக்கியிருந்த அலமாரியில் விலைச்சீட்டு மட்டும்தான் மிச்சம் இருக்கும்.